படம் வரும்வரை பொத்தானைத் தொடாதீர்கள்

என் வீட்டுக்காரரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவர் பேச ஆரம்பித்தால் நான் விடமாட்டேன் என்பதும் தெரியும். இந்த இரண்டாவது குணம்தான் போன மாதம் எங்களை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் குட்டு வெளிப்படும், பரவாயில்லை.

அவர் கம்ப்யூட்டர் மெக்கானிக். மேசைமேல் வைக்கிற பெரிய கம்ப்யூட்டர் மட்டும்தான் பார்ப்பார். லேப்டாப்பை நீட்டினால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார், அதெல்லாம் பசை போட்டு ஒட்டின சாமானாம். கை அவ்வளவு நிதானம். பெட்டியைத் திறந்ததும் கை வைக்கமாட்டார், முதலில் கொஞ்ச நேரம் பார்ப்பார். கழற்றின திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைப்பார். எந்தக் குழித் திருகு எந்த இடத்துக்கு என்று ஒரு நாளும் தடுமாறியதில்லை.

பேச்சுதான் வராது. வராது என்றால் வரும், நேரம் பிடிக்கும். சொல் தொண்டைவரை வந்து நின்றுவிடும். வாய் திறந்தபடி இருக்கும், கண் ஒரு பக்கமாகப் போகும், கழுத்து நரம்பு எழும்பும். கொஞ்ச நேரம் கழித்து எதுவும் நடக்காததுபோலச் சொல் வந்து விழும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது, ஏனென்றால் நான் அதுவரை காத்திருந்ததே இல்லை.

எனக்கோ வாய் நீளம். அடுத்தவர் முதல் பாதியைச் சொல்வதற்குள் மறுபாதியை நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு அடைத்துவிடும். என் மகள் என்னை "முந்திரிக்கொட்டை" என்றுதான் கூப்பிடுவாள். "அம்மா" என்பதெல்லாம் காரியம் ஆக வேண்டியிருக்கும்போது மட்டும்.

எங்கள் கல்யாணமே நான் முந்திக்கொண்டதால் நடந்ததுதான். அப்போது நான் ஒரு லாரி சர்வீஸ் அலுவலகத்தில் ரசீது அடிக்கிற வேலையில் இருந்தேன். அங்கே இருந்த கம்ப்யூட்டர் மாதம் ஒரு முறை படுத்துக்கொள்ளும். சரிசெய்ய இவர் வருவார். நான்காவது முறை அது தானாகப் படுக்கவில்லை, நான்தான் பின்னால் ஒரு கம்பியைப் பிடுங்கி வைத்திருந்தேன். அன்றைக்கு வேலையை முடித்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "உங்களுக்கு…" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், நின்றுவிட்டது. காது இரண்டும் சிவந்துவிட்டன.

"உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னுதானே கேக்க வர்றீங்க? பிடிச்சிருக்கு. எங்க அண்ணன்கிட்ட வந்து பேசுங்க" என்றேன்.

அப்படியே நின்றார். பிறகு மெல்லத் தலையாட்டினார். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது. நான் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தார். வேலையில் அவரை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தால், ஜன்னல்கூட இல்லாத பின்னறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கஸ்டமர் யாராவது வந்தால், "நீங்க உள்ளயே இருங்க, நாங்க பேசிக்கறோம்" என்பார்களாம். பதினோரு வருஷம் அப்படி இருந்திருக்கிறார், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வந்திருப்பார், நான்தான் விட்டிருக்கமாட்டேன். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேனேஜரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு, அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சொந்தமாகக் கடை போட்டோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன இடம். முன்னால் கண்ணாடி மேசை, அதற்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, தடுப்புக்கு அந்தப்பக்கம் வேலை செய்கிற இடம். "இனிமே நீங்க முன்னாடி உக்காருங்க, ராஜா மாதிரி" என்றேன். மூன்று நாள் உட்கார்ந்தார். வந்தவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள், போனை எடுத்துப் பார்த்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. நான் முன்னால் உட்கார்ந்தேன். அவர் தடுப்புக்குப் பின்னால் போனார். போன், பேச்சு, கஸ்டமர் நம்பர் எல்லாம் என்னிடம் வந்தன. அவருக்கு ஒத்தாசை செய்கிறோம் என்றுதான் சத்தியமாக நினைத்தேன்.

இப்போது ரேம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், எனக்குத் தெரிந்ததே கொஞ்சம்தான். வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் சாமானைப் பரப்பி வைத்துக்கொள்கிற மேசைதான் ரேம். மேசை சின்னதாக இருந்தால் ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை வெளியே எடுக்க முடியும், வேலை நகராது. இப்போது ஒரு சாண்கூட இல்லாத ஒற்றைப் பட்டையிலேயே அறுபத்து நான்கு ஜிபி வருகிறது. இரண்டு செருகினால் வீட்டுக் கம்ப்யூட்டரே யானை பலம் ஆகிவிடும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. புதிதாகச் செருகி முதல் தடவை போடும்போது பத்து நிமிஷம், சில சமயம் அதற்கும் மேலே, திரை கறுப்பாகவே கிடக்கும். உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். நம் ஆட்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஒரு நிமிஷத்தில் "செத்துப்போச்சு" என்று அணைத்துவிடுவார்கள்.

அதற்காக இவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சின்னச் சின்னச் சீட்டு அச்சடித்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் பொத்தான் மேலேயே ஒட்டிவிடுவார். "நான் சாகவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன். படம் வரும்வரை பொத்தானைத் தொடாதீர்கள்" என்று அதில் இருக்கும். யாருடைய குறுக்கீடும் இல்லாமல் அவர் பேசிய ஒரே பேச்சு அந்தச் சீட்டுதான் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருஷத்திலிருந்தே கடைக்கு வரத்து குறைந்துவிட்டது. பழைய கம்பெனிக்காரர்கள், "உங்க ரூம் காலியாத்தான் இருக்கு, வந்துடுங்க" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு கட்டட வரைபட அலுவலகத்திலிருந்து வேலை வந்தது. அதை நடத்துகிற அம்மாளை எல்லோரும் "மேடம்" என்பார்கள். ஒரு பெரிய மருத்துவமனைக் கட்டடத்துக்காக வரைந்த முழு மாடலைத் திறந்தாலே அங்கே கம்ப்யூட்டர்கள் மூச்சுத் திணறி நின்றுவிடுகின்றனவாம். பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் பழைய ரேமை எடுத்துவிட்டுப் பெரிய ரேம் போட வேண்டும். இது நல்லபடியாக முடிந்தால் மேடத்துக்குத் தெரிந்த மற்ற அலுவலகங்களும் எங்களிடம் வரும், கடை பிழைக்கும். இல்லாவிட்டால் அவர் அந்த ஜன்னல் இல்லாத அறைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கட்டடத்தில் வயரிங் வேலை நடந்ததால் அன்று முழுக்க மின்சாரம் கிடையாது. "அது பரவாயில்ல, மாட்டி மட்டும் வைங்க, காலைல நாங்க போட்டுக்கறோம்" என்று மேடம் சொல்லியிருந்தார். ஜன்னல் வெளிச்சத்திலும் நெற்றி விளக்கிலும் பன்னிரண்டு பெட்டியையும் திறந்து, இருபத்து நான்கு பட்டைகளையும் செருகினார். ஒவ்வொரு பட்டையும் "டிக்" என்று உட்காரும் சத்தம் வரும்வரை விரலை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து பைக்குள் கையை விட்டுத் தேடினார்.

"சீட்டா? நான்தான் எடுத்து வீட்ல வச்சேன். பெரிய ஆபீஸ், பிள்ளைங்க விளையாட்டு மாதிரி அங்கங்க ஒட்டி வச்சா நம்மள மதிப்பாங்களா? வாயால சொல்லிட்டா போச்சு" என்றேன்.

யாருடைய வாயால் என்று அவர் கேட்கவில்லை.

பூட்டுவதற்காக மேடம் சாவியோடு வந்தார். இவர் எழுந்து நேராக நின்றுகொண்டார். "மேடம்… நாளைக்கு… முதல் தடவை போடும்போது… திரை உடனே வராது. அப்போ…" என்று நின்றார். வாய் திறந்திருந்தது. மேடம் சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எனக்கு நெஞ்சு அடைத்தது.

"அப்போ ஒண்ணும் பயப்படாதீங்க மேடம். அணைச்சுட்டு மறுபடி போடுங்க, வந்துடும்!" என்றேன்.

நாள் முழுக்கப் போனில் எல்லோருக்கும், எல்லா வியாதிக்கும், நான் சொல்கிற மருந்து அது. நாக்கு நுனியில் தயாராக இருந்தது, விழுந்துவிட்டது. இவர் பதறிப்போய்க் கையைத் தூக்கி ஆட்டினார். போய்வருகிறோம் என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று மேடமும் கையை ஆட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு மளமளவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

பஸ்ஸில், "நீ… சொன்னது…" என்றார். "சரியாத்தான் சொன்னேன்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "அவங்களுக்கு…" என்றார். "அவங்களுக்கு ரசீது நாளைக்குக் குடுத்துக்கலாம், இப்போ என்ன அவசரம்?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். களைப்பு என்று நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

மறுநாள் காலை எட்டு மணிக்கு, சீட்டுக் கட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு அலுவலகம் திறப்பதற்குள் போய்விட வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்குள் என் போன் அடித்தது. மேடம்தான். பன்னிரண்டு மணிக்குள் மருத்துவமனை மாடலை அனுப்பியாக வேண்டுமாம், அதனால் ஏழு மணிக்கே திறந்துவிட்டார்களாம்.

"பன்னிரண்டும் போச்சு. நீங்க சொன்ன மாதிரியே அணைச்சு அணைச்சுப் போட்டோம், ஒண்ணுலகூட படம் வரல. என்ன வேலை பண்ணிட்டுப் போயிருக்கீங்க?"

அவரைப் பார்த்தேன். சட்டைப்பைக்கு வெளியே சீட்டுக் கட்டின் ஓரம் தெரிந்தது. நேற்று அவர் முடிக்காமல் விட்ட இரண்டு வாக்கியமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன.

அலுவலகத்தில் நுழைந்தால், வரிசையாகப் பன்னிரண்டு கறுப்புத் திரை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் குனிந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். மேடம் எங்களைப் பார்த்ததும், "எல்லாத்தையும் கழட்டுங்க. பழைய ரேமையே மாட்டிக் குடுத்துட்டுக் கிளம்புங்க. நல்லா வேலை செய்யற ஆளுன்னு சொன்னாங்க, நம்பினேன் பாருங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒன்று தயாராக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. வயரிங் ஆட்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்று பழியைத் தூக்கி அவர்கள் தலையில் போட இருந்தேன். அப்போது இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான்… பேசறேன்."

மேடத்தைப் பார்த்துத் திரும்பினார். "மேடம்… இது…" என்று நின்றார். அறை முழுக்க எங்களையே பார்த்தது.

"என்ன, போர்டே எரிஞ்சுபோச்சா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார் மேடம்.

"மேடம், அவர் முடிக்கட்டும்."

சொன்னது நான்தான். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

"இது… எதுவும் கெடல" என்றார். "ரேம் பெருசு. முதல் தடவை… ஒவ்வொரு இடமா… தட்டிப் பாத்துட்டுத்தான்… எழுந்திரிக்கும். அதுக்கு… நேரம் ஆகும். நடுவுல அணைச்சா… பாத்தது எல்லாம் போயிடும்… மறுபடி முதல்லேர்ந்து… ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்சம் விட்டா… வந்துடும்னு இருக்கும்போது… அணைச்சுடறாங்க."

அவர் ரேமைப் பற்றித்தான் சொன்னார். வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்கிற ஆள் அவர் இல்லை. ஆனால் எனக்கு முகம் சுட்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தவள் நான்தானே. அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு வந்து, நானும் அவருக்குப் பிளைவுட்டில் ஒரு பின்னறை கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"மேடம், அணைச்சுப் போடச் சொன்னது அவர் இல்ல" என்றேன். "அவர் சொல்ல வந்தது வேற. நான் முந்திக்கிட்டுத் தப்பாச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

மேடம் என்னைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

"இருபது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்ல."

பன்னிரண்டையும் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு பொத்தான் மேலும் சீட்டை ஒட்டிக்கொண்டே போனார். ஒருவர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். பிறகு இவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நானும் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் போனது. யாரோ பேனாவைத் தட்டினார்கள். ஏழு நிமிஷம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குப் பின்னால் முடி முழுக்க நரைத்துவிட்டிருந்தது, நான் கவனித்ததே இல்லை. செத்துப்போச்சு என்று ஊரார் கொண்டுவந்து போட்ட எத்தனை கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் இந்த மனிதர் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருப்பார்! அவருக்காகக் காத்திருக்க வீட்டில்கூட ஓர் ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பதினொன்றாவது நிமிஷம் மூன்றாவது மேசையில் திரை வெளுத்தது. "வந்துடுச்சு!" என்று அந்த மேசைக்காரர் எழுந்தே விட்டார். அப்புறம் ஏழாவது, முதலாவது, பத்தாவது என்று வரிசை இல்லாமல் வந்துகொண்டிருந்தன. பத்து வந்துவிட்டன. ஒன்று கொஞ்சம் தாமதமாக வந்தது. கடைசி ஒன்று வரவே இல்லை. பெட்டியைத் திறந்தார். காலையில் யாரோ அவசரத்தில் பட்டையை உருவித் திரும்பச் செருகியிருக்கிறார்கள், ஒரு பக்கம் உட்காரவில்லை. "டிக்" என்று அழுத்திவிட்டு, மறுபடி போட்டுவிட்டு, முக்காலியில் போய் உட்கார்ந்தார். இருபது நிமிஷக் கெடு தாண்டிவிட்டது, மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மருத்துவமனை மாடலைத் திறந்து, மாடி மாடியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்திலும் மாடல் திணறி நிற்கவில்லை. கடைசித் திரையும் வெளுத்தது.

கிளம்பும்போது மேடம் என்னிடம் வராமல் நேராக அவரிடம் வந்தார். "அடுத்த வாரம் இன்னொரு ஆபீஸ்ல கேக்கறாங்க. அங்க நீங்களே வந்து இதை விளக்கிச் சொல்ல முடியுமா?"

"அதுக்கென்ன மேடம், வருவார்" என்பது என் பல்லுவரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே வலித்தது. அவர் வாயைத் திறந்தார். மேடம் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"வரேன்" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தோம். "அந்தப் பிளைவுட்டை நாளைக்கே கழட்டிடலாம். நீங்க முன்னாடி வந்து உக்காருங்க. அவசரம் இருக்கறவன் வேற கடைக்குப் போகட்டும்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அன்னைக்கு லாரி ஆபீஸ்ல 'உங்களுக்கு'ன்னு ஆரம்பிச்சீங்களே, பிடிச்சிருக்கான்னுதானே கேக்க வந்தீங்க?"

அவர் கீழே பார்த்தார். சிரிப்பு இன்னும் போகவில்லை. வாயைத் திறந்தார், நின்றது. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். எங்கள் பஸ் வந்து நின்றது, போனது.

"உங்களுக்கு… கீபோர்டு… மாத்தித் தரவான்னு… கேக்க வந்தேன். பாதி எழுத்து… தேய்ஞ்சுபோயிருந்துச்சு."

அட கடவுளே! இருபத்திரண்டு வருஷமாக ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறேனே! எனக்கு அசடு வழிந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பாவி மனுஷா, அப்பவே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே! ஏன் தலையாட்டினீங்க?"

இந்தத் தடவை இன்னும் நேரம் பிடித்தது. கழுத்து நரம்பு எழும்பியது, கண் ஒரு பக்கமாகப் போனது. அடுத்த பஸ்ஸும் வந்து நின்றது. நடத்துநர் எங்களைப் பார்த்து, வருகிறீர்களா என்று கையால் கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"நீ இதுவரைக்கும்… எனக்காக… முடிச்சுவச்சதுல… அது ஒண்ணுதான்… நான் சொல்ல வந்ததைவிட… நல்லா இருந்துச்சு."

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது பஸ்ஸும் போனது.